மூக்கு வழியா ஒரு ஆபரேஷன், அப்புறம் தினமும் மூணு மாத்திரை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுற சாதாரண ஆணி. இது எங்கப்பாவோட கதை, கூடவே நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தோட கதை. அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுய்யா, நாலு பேருக்கு உபயோகப்பட்டாச் சரி. ஆனா கடை பேரு போட்டுறாத, கடன் சொல்லிட்டுப் போனவனெல்லாம் திரும்ப வரமாட்டான்"னு சொன்னார் :)

அப்பாவோட டிவிஎஸ் வண்டியில ரெண்டு பக்கமும் கீறல் இருக்கிறதை நான் மொதல்ல கவனிச்சது 2022 தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தப்போ. என்னப்பா இதுன்னு கேட்டா, "சந்துல திரும்பும்போது சுவத்துல உரசிருச்சு"ன்னார். இடது பக்கமும் சுவர், வலது பக்கமும் சுவர். முப்பது வருஷமா அதே சந்துல அதே மாதிரி வண்டி ஓட்டுற மனுஷன். வயசாகுது, இனிமே பார்த்து ஓட்டுங்கன்னு அறிவுரை சொல்லிட்டு நான் அதிரசம் சாப்பிடப் போயிட்டேன்.

அம்மா வேற ஒரு லிஸ்ட் வெச்சிருந்தாங்க. அப்பாவுக்கு எப்பவும் குளிருதாம். கோவில்பட்டி வெயில்ல ஃபேனை நிறுத்தச் சொல்றாராம். தினமும் காலையில ஷேவ் பண்ணாம கல்லாவுல உக்கார மாட்டார், இப்போ வாரத்துக்கு ஒருக்கா பண்ணினாப் போதும்ங்கிற அளவுக்குத்தான் தாடி வளருதாம். ராத்திரி எட்டு மணிக்கே படுத்துடுறாராம். கடைக்கு வர்றவங்க வேற, "அண்ணாச்சி, எம்புட்டு நேரமா இந்தப் பக்கம் நிக்கேன், கண்டுக்கிட மாட்டேங்கிறீகளே"ன்னு கோவிச்சுக்கிறாங்களாம்.

பக்கத்துல ஒரு க்ளினிக்ல காட்டினாங்க. தைராய்டா இருக்கலாம்னு டிஎஸ்ஹெச் மட்டும் எடுத்தாங்க. நார்மல். கண்ணாடிக்கடையில பவர் மாத்திக் குடுத்தாங்க. ஆறு மாசத்துல ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அப்பா போட்டுப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நல்லா இல்ல"ன்னு சொன்னாராம். இப்போ யோசிச்சா, அதைவிடச் சரியா யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

கண்டுபிடிச்சது ஒரு கண் டாக்டர். 2023 ஜனவரியில, புரையா இருக்கும், ஆபரேஷன் பண்ணிடலாம்னு நினைச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்தம்மா அப்பாவோட ஒரு கண்ணை மூடச் சொல்லிட்டு, தன்னோட விரலைக் காது பக்கத்துல இருந்து மெதுவா நடுவுக்குக் கொண்டு வந்தாங்க. "எப்போ தெரியுதோ அப்போ சொல்லுங்கய்யா". விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரா வந்தப்புறம்தான் அப்பா "ஆங்"ன்னார். அடுத்த கண்ணு. அதே கதை. அந்தம்மா முகம் மாறிடுச்சு.

அப்புறம் ஒரு மெஷின்ல தலையை வெச்சு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்ற டெஸ்ட். ரிப்போர்ட்ல வலது கண்ணுக்கு வலது பாதி கறுப்பு, இடது கண்ணுக்கு இடது பாதி கறுப்பு. பந்தயக் குதிரைக்கு ரெண்டு கண் பக்கத்துலயும் மறைப்பு கட்டுவாங்களே, அந்த மாதிரி. அப்பா எத்தனை மாசமா அப்படிக் கடை நடத்தினார், வண்டி ஓட்டினார்னு தெரியல. அதிரசம் ஞாபகம் வந்துச்சு. 

"கண்ணுல பிரச்சினை இல்லை தம்பி. கண்ணுல இருந்து போற ஒயர்ல பிரச்சினை. தலைக்கு எம்ஆர்ஐ எடுத்துடுங்க"ன்னாங்க.

*

படத்துல வெள்ளையா ஒரு உருண்டை. நடுவுல இடுப்பு வெச்ச மாதிரி ஒடுங்கி, மேல இன்னொரு சின்ன உருண்டை. உயரம் 2.8 சென்டிமீட்டர். ரிப்போர்ட்ல பிட்யூட்டரி மேக்ரோ அடினோமா. இந்தக் கட்டி 1 சென்டிமீட்டர் தாண்டினா 'மேக்ரோ', அதுக்குக் கீழ 'மைக்ரோ'.

பிட்யூட்டரியைப் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சது இவ்வளவுதான்: சுரப்பிகளின் தலைவன், பட்டாணி அளவு. அரை கிராம்தான் எடை இருக்கும். மூக்குக்கு நேர் பின்னால, மூளைக்கு அடியில, குதிரைச் சேணம் மாதிரி இருக்கிற ஒரு எலும்புக் குழியில உக்காந்திருக்கு. அதுக்கு நேர் மேலதான் ரெண்டு கண்ணுல இருந்தும் வர்ற நரம்புகள் ஒண்ணையொண்ணு குறுக்க கடக்குது. சுத்தி எலும்பும் ரத்தக்குழாயும் இருக்கிறதால, கட்டி வளர்ந்தா அதுக்கு இருக்கிற நல்ல வழி மேல்பக்கம்தான். மேல போனா அந்தக் குறுக்கு ரோட்டை அடியில இருந்து முட்டும். அந்த இடத்துல கடக்குற நரம்புதான் ஓரப் பார்வையைக் கொண்டு போறது. சந்துச் சுவத்துக் கீறலோட காரணம் அங்க இருந்துச்சு.

குளிருக்கும் தாடிக்கும் காரணமும் அதுதான். கட்டி, நல்லா இருக்கிற சுரப்பியை நசுக்கிடுச்சு. தைராய்டுக்கும், அட்ரீனலுக்கும், இன்னும் சிலதுக்கும் 'வேலையைப் பாரு'ன்னு மெயில் அனுப்புற மேனேஜர் இவர். மேனேஜரே படுத்துட்டார். டிஎஸ்ஹெச்ங்கிறது அந்த மேனேஜர் தைராய்டுக்கு அனுப்புற மெயில். தைராய்டு படுத்தா மேனேஜர் கத்துவார், டிஎஸ்ஹெச் ஏறும். மேனேஜரே படுத்தா யாரு கத்துறது? அதனால டிஎஸ்ஹெச் பார்க்க நார்மலா இருந்துச்சு, நிஜமான தைராய்டு ஹார்மோன் அளவு தரையில கிடந்துச்சு. காலை எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால் அதைவிட மோசம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஹார்மோன் டாக்டர் முக்கியமா பார்க்கச் சொன்னது ப்ரோலாக்டின். பிட்யூட்டரி கட்டியில சிலது ஹார்மோனை அள்ளிக் கொட்டும். அதுல ரொம்பச் சகஜமானது ப்ரோலாக்டினைக் கொட்டுற வகை. அதா இருந்தா பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கேபர்கோலின்னு ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. அதுலயே கட்டி சுருங்கும். இவ்வளவு பெரிய கட்டி அந்த வகையா இருந்தா அந்த எண் பல நூறுல, ஏன் ஆயிரத்துல கூட இருக்கும்னார்.

வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ரத்த டெஸ்ட் ரிசல்ட் கன்னாபின்னான்னு ஏறியிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். கழுகுமலை முருகனுக்கு மொட்டை கூட நேர்ந்துக்கிட்டேன். 41னு வந்துச்சு. கொஞ்சம்தான் அதிகம். அது கட்டி சுரக்கிறதில்லை, கட்டி அழுத்துறதால ஏறினது. ஆக எங்கப்பாவோடது எதையும் சுரக்காத வகை. அதுக்கு மாத்திரை கிடையாது.

சுரக்குற வகையில இன்னொண்ணு உங்க எல்லாருக்கும் தெரியும். ரெஸ்லிங் பார்க்கிற மக்களுக்கு ஆண்ட்ரே தி ஜயண்ட், நம்ம கிரேட் காளி ஞாபகம் இருக்கும். அந்த உயரம், அந்தத் தாடை, அந்தக் கை எல்லாம் பிட்யூட்டரி கட்டி வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டினதால வந்தது. காளிக்கு 2012ல அமெரிக்காவுல ஆபரேஷன் நடந்துச்சு. நாமெல்லாம் வாயைப் பொளந்து பார்த்தது ஒரு நோய்.

*

"மூக்கு வழியாப் பண்ணுவோம்"னு நியூரோ சர்ஜன் சொன்னதும் அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "மண்டையில இருக்கிறதை மூக்கு வழியா எப்படிங்கய்யா எடுப்பீக? ஒழுங்கா மண்டையவே தொறந்து எடுத்துருங்க"ன்னாங்க. டாக்டர் சிரிச்சுட்டார்.

ராத்திரி கூகுளாண்டவர்கிட்ட உக்காந்தேன். இது புதுசு இல்லையாம். 1907ல ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்ல ஷ்லோஃபர்ங்கிற டாக்டர் மூக்கு வழியாப் போய் ஒரு பிட்யூட்டரி கட்டியை எடுத்திருக்கார். அமெரிக்காவுல ஹார்வி குஷிங் அதை நிறையப் பண்ணினார், அப்புறம் அவரே அதைக் கைவிட்டுட்டு மண்டையோட்டைத் திறக்கிற வழிக்கே திரும்பிட்டார். அவர் விட்டதும் கிட்டத்தட்ட எல்லாரும் விட்டுட்டாங்க. எடின்பரோவுல நார்மன் டாட் விடாம பண்ணிக்கிட்டிருந்தார். அவர்கிட்ட இருந்து பாரிஸ்ல கியோ கத்துக்கிட்டார், அவர்கிட்ட இருந்து மான்ட்ரியல் ஜூல்ஸ் ஹார்டி. ஹார்டி 1960கள்ல மைக்ரோஸ்கோப்பைச் சேர்த்தார். இப்போ மைக்ரோஸ்கோப்புக்குப் பதிலா பல இடத்துல எண்டோஸ்கோப். ஒரு ஆளு பிடிவாதமா விடாம வெச்சிருந்த விஷயத்தாலதான் எங்கப்பா மண்டையில இன்னிக்குத் தையல் இல்லை.

ஆபரேஷன் 2023 மார்ச்ல. முந்தின நாளே ஹைட்ரோகார்ட்டிசோன் ஆரம்பிச்சாங்க. தைராய்டு மாத்திரையை மட்டும் சில நாள் கழிச்சுத்தான் குடுத்தாங்க. கார்ட்டிசால் இல்லாத உடம்புக்குத் தைராய்டு ஹார்மோனை முதல்ல குடுத்தா உடம்பு தாங்காதாம். வரிசை முக்கியம். நம்ம பாஷையில சொன்னா டிபென்டன்சி ஆர்டர்.

காது மூக்கு டாக்டரும் நியூரோ சர்ஜனும் சேர்ந்து நாலு மணி நேரம். மூக்குக்குப் பின்னால இருக்கிற காத்து அறைக்குள்ள போய், சேணத்து எலும்பைத் திறந்து, கட்டியைச் சுரண்டி எடுத்தாங்க. அது கல்லு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். பெரும்பாலும் தயிர்க்கட்டி மாதிரி மெத்துன்னுதான் இருக்குமாம். தொடையில இருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து அந்த ஓட்டையை அடைச்சாங்க. வலது பக்கம், மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாயை ஒட்டி ஒரு துண்டு இருந்துச்சு. அதைத் தொடலை. "எடுக்க முடியாதுன்னு இல்ல தம்பி. எடுக்கக் கூடாது"ன்னார் சர்ஜன்.

மறுநாள் காலையில ஐசியூவுக்குள்ள அஞ்சு நிமிஷம் விட்டாங்க. ரெண்டு மூக்குலயும் பஞ்சு, வாயால மூச்சு. அப்பா தலையைத் திருப்பாம படுத்துக்கிட்டு மெதுவாச் சொன்னார். "அந்த ஓரத்துல ஊதாச் சேலையில நிக்கிறது உங்கம்மாதான?"

அம்மா கட்டிலுக்கு இடது பக்கம், கதவோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. ரொம்ப மாசமா அப்பாவுக்கு இல்லாம இருந்த இடம் அது. அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டாங்க.

எல்லாருக்கும் இப்படி ஒரே ராத்திரியில வராது. பல பேருக்கு வாரக்கணக்குல, மாசக்கணக்குல தேறும். நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருந்தா சிலருக்கு முழுசா வரவே வராது. அப்பாவுக்கும் வலது கண்ணுல மேல் ஓரம் இன்னும் மங்கல்தான்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் வேற கூத்து. ரெண்டாவது நாள் ஆறு லிட்டர் மூத்திரம். குடிச்சுக்கிட்டே இருக்கார், போய்க்கிட்டே இருக்கார். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் அந்த ஏரியாவுல இருந்துதான் வருது, ஆபரேஷன்ல அது ஆடிப்போச்சு. டாக்டர் "டயாபடிஸ் இன்சிபிடஸ்"னு சொன்னதைப் பாதி கேட்ட எங்க மாமா, "அய்யய்யோ, மாப்பிள்ளைக்குச் சர்க்கரையும் வந்துருச்சாக்கா"ன்னு ஊர் பூரா போன் போட்டுட்டார். இதுக்கும் சர்க்கரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்தக் குழப்பத்தாலேயே 2022ல டாக்டர்கள் சங்கங்கள் சேர்ந்து அந்த நோய்க்குப் பேரையே மாத்தியிருக்காங்க. எங்க மாமா மாதிரி உலகம் பூரா ஆட்கள் இருக்காங்க போல. டெஸ்மோப்ரெசின் குடுத்தாங்க, ஒரு வாரத்துல தானா சரியாச்சு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பெரிய லிஸ்ட். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். முக்கக் கூடாது, குனியக் கூடாது. மூக்குல இருந்து தண்ணி மாதிரி சொட்டினா உடனே ஓடி வரணும், அது சளி இல்லை, மூளையைச் சுத்தி இருக்கிற நீரா இருக்கலாம். ஒரு வாரம் கழிச்சு சோடியம் டெஸ்ட். எல்லாத்தையும் கோவில் விரதம் மாதிரி கடைப்பிடிச்சோம்.

லிஸ்ட்டோட கடைசியில, பெரிய எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. ஹைட்ரோகார்ட்டிசோனை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தா இரண்டு மடங்கு, வாந்தி வந்தா ஊசி.

எல்லாத்தையும் கடைப்பிடிச்சோம்னு சொன்னேன்ல. இதைத் தவிர.

*

பயாப்சி ரிப்போர்ட் வந்தப்போ 'நியூரோ எண்டோகிரைன் ட்யூமர்'னு போட்டிருந்துச்சு. அந்த வார்த்தையைத் தேடினா ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தார். அவருக்குக் கணையத்துல வந்தது அந்தப் பேருள்ள கட்டி. ஆபீஸ் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அப்புறம் டாக்டர் சொன்னார், 2022ல உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாத்தினதுல அடினோமாவுக்கு இந்தப் பேரு வந்திருக்கு, பேருதான் புதுசு, கட்டி பழைய கட்டிதான்னு. இந்தக் கட்டிகள்ல உடம்புல வேற இடத்துக்குப் பரவுறது ஒரு சதவீதத்துக்கும் ரொம்பக் கீழ. வேற காரணத்தால இறந்தவங்களைப் பரிசோதிச்ச ஆய்வுகள்ல சுமார் பத்துல ஒருத்தருக்குத் தெரியாமலே சின்னதா ஒண்ணு இருந்திருக்கு.

'புத்துநோய் இல்லை. சாதாரணக் கட்டி.' அந்த வார்த்தையை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தோம். ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னோம். முடிஞ்சது கதை, கிளம்பு காத்து வரட்டும்ங்கிற மாதிரி நானும் சென்னைக்கு வந்து ஆணி புடுங்க ஆரம்பிச்சுட்டேன்.

அப்பா கடைக்குப் போக ஆரம்பிச்சார். முகத்துல தெளிச்சி வந்துச்சு. காலையில 10 மில்லிகிராம், மத்தியானம் 5, சாயங்காலம் 5. மூணு மாசம் இப்படியே போச்சு. அப்பத்தான் யாரோ அம்மாகிட்ட, "அக்கா, அது ஸ்டீராய்டு மாத்திரையில்ல? கிட்னி போயிரும், எலும்பு உளுத்துரும்"னு சொல்லியிருக்காங்க. அம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. "நீதான் படிச்சவன், பார்த்துச் சொல்லுய்யா."

படிச்சவன் பார்த்தான். ஸ்டீராய்டு பக்கவிளைவுகள்னு தேடினா வராம இருக்குமா? முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணுல புரை வரும். நீளமான பட்டியல். அதெல்லாம் நிஜம்தான், உடம்புக்குத் தேவையானதுக்கு மேல பல மடங்கு மாசக்கணக்குல சாப்பிடுறவங்களுக்கு. அந்தப் பாதி வரி எனக்குக் கண்ணுல படலை. அப்பாவுக்கு ஓரம் தெரியாம இருந்துச்சு, எனக்கு நடுவே தெரியல. டாக்டருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். அன்னிக்கு ரிலீஸ். "மத்தியானமும் சாயங்காலமும் விட்ருங்கம்மா, காலையில மட்டும் போதும். அடுத்த தடவை போகும்போது கேட்டுக்கலாம்"னு சொல்லிட்டுப் போனை வெச்சேன். ரெண்டு நிமிஷம் கூடப் பேசலை.

மூணுல ரெண்டை நான் நிறுத்தினேன். ஆள் நல்லாத்தானே இருக்காகன்னு மிச்சம் ஒண்ணை அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிட்டாங்க.

ஆகஸ்ட்ல குலசாமி கோயில் கொடை. அங்க சாப்பிட்டதோ, தண்ணியோ, அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரியில இருந்து வாந்தி, பேதி, காய்ச்சல். கூட சாப்பிட்ட நாலஞ்சு பேருக்கும் வந்துச்சு. அவங்க மறுநாள் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. அப்பா எந்திரிக்கலை. திங்கக்கிழமை மத்தியானம் அக்கா போன் பண்ணினா. "அப்பா என்னமோ மாதிரி பேசுறாகடா. என்னைய அத்தைன்னு கூப்பிடுறாக."

அப்போ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்திக்கிட்டிருந்தாங்க. பிரஷர் 80க்கு 50. சர்க்கரை 58. ட்ரிப் ஏறியும் பிரஷர் ஏறலை. தலையில ஆபரேஷன் ஆனதை அக்கா சொல்லியிருக்கா, மாத்திரை விஷயம் அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். சென்னையில, ஏசி ரூம்ல, மீட்டிங்ல உக்காந்திருந்த எனக்கு மட்டும்தான் முழுசாத் தெரியும்.

அந்தப் பெரிய எழுத்து வரி அப்போதான் கண் முன்னாடி வந்துச்சு. நம்ம உடம்பு காய்ச்சல் வந்தா, அடிபட்டா, ஆபரேஷன்னா தானாவே கார்ட்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கும். லோடு ஏறினா சர்வர் கூடுற மாதிரி. பிரஷரையும் சர்க்கரையும் விழாம பிடிச்சு நிறுத்துறது அதுதான். அப்பாவுக்கு அந்த ஆட்டோமேட்டிக் கிடையாது. அவருக்கு அதை நாமதான் கையால கூட்டணும். நாங்க கூட்டாததோட, இருந்ததையும் பிடுங்கிட்டோம்.

அக்காவைப் போனை டாக்டர்கிட்ட குடுக்கச் சொன்னேன். குரல் நடுங்குச்சு. "சார், அப்பாவுக்குப் பிட்யூட்டரி வேலை செய்யாது. ஹைட்ரோகார்ட்டிசோன் நிறுத்திட்டோம். தயவு செஞ்சு ஊசி போடுங்க, 100 மில்லிகிராம்." அவர் ஒரு வினாடி பேசலை. அப்புறம் "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"ன்னு மட்டும் கேட்டார். நர்ஸைக் கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு.

அந்த ஊசி நூத்துக்கணக்கான ரூபாய் கூட இருக்காது. ஆஸ்துமாவுக்கு, அலர்ஜிக்குன்னு எல்லா ஆஸ்பத்திரியிலயும் சாதாரணமா இருக்கிறது. எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி நின்னுக்கிட்டிருக்கும்போது அக்கா போன் பண்ணினா. பிரஷர் 110. அப்பா எந்திரிச்சு உக்காந்து, "கடையை யாரு பாத்துக்கிடுதா?"ன்னு கேட்டாராம். ரயில் கதவோரமா உக்காந்து விடிய விடிய வந்தேன். ரிசர்வேஷன் இல்லாததால மட்டும் இல்லை, படுத்தா தூக்கம் வராதுன்னு தெரியும்.

*

அடுத்த வாரம் ஹார்மோன் டாக்டர் முன்னாடி உக்காந்தோம். திட்டுவார்னு நினைச்சேன், திட்டினா நல்லா இருக்கும்னுகூட நினைச்சேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, மத்தவங்களுக்கு இது மருந்து. மருந்துன்னா சீக்கிரம் நிறுத்தணும்னு நினைக்கிறது சரிதான். உங்க வீட்டுக்காரருக்கு இது மருந்து இல்லை, சாப்பாடு. உங்க உடம்புல தானா ஊறுது, அவருக்கு ஊறலை. அதைத்தான் மாத்திரையாக் குடுக்கிறோம். அளவோட குடுத்தா கிட்னியும் போகாது, எலும்பும் போகாது."

அப்பா கேட்டார். "எத்தனை வருசத்துக்குங்கய்யா சாப்பிடணும்?"

"நீங்க இருக்கிற வரைக்கும்யா."

"கட்டி திரும்ப வருமா?"

"விட்டு வெச்ச துண்டு வளரலாம், வளராமலும் இருக்கலாம். வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்ப்போம். வளர்ந்தா கதிர்வீச்சு இருக்கு, இன்னொரு ஆபரேஷன் இருக்கு. காமா நைஃப்னு பேருதான் கத்தி, கத்தி கிடையாது. கண் நரம்புல இருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தாத்தான் அது பாதுகாப்பு. உங்களோடது தள்ளித்தான் இருக்கு. இப்போ அவசரம் இல்லை. இந்தக் கட்டியால ஆள் போறது ரொம்ப அபூர்வம்யா. மாத்திரையை விட்டுட்டுக் காய்ச்சல்ல போறதுதான் எங்களுக்குப் பயம்."

அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ இருப்பேன்னுதான் சொல்லுதீக"ன்னார். டாக்டர் சிரிச்சார், அம்மாவும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

வெளிய வந்ததும் அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். எங்க வீட்டுல அந்த வழக்கமே கிடையாது, அவருக்கே சங்கடமாயிடுச்சு. "விடுய்யா. எடை போடும்போது கை தவறுறதுதான். அடுத்த தடவை தராசைப் பார்த்துப் போடு"ன்னு சொல்லிட்டு காபி சாப்பிடக் கூட்டிட்டுப் போனார்.

இப்போ அம்மாதான் எங்க வீட்டுப் பிட்யூட்டரி. கடன் நோட்டுல கடைசிப் பக்கத்துல தேதி போட்டு, மூணு வேளைக்கு மூணு டிக். காய்ச்சல்னா ரெண்டு மடங்கு. பல் பிடுங்கணும்னாகூட முன்னாடியே டாக்டருக்குப் போன். ஃப்ரிட்ஜ் மேல டப்பாவுல ஒரு ஊசியும் மருந்தும் எப்பவும் இருக்கு. எங்க தெருவுல ஒரு நர்ஸக்கா இருக்காங்க, அவங்ககிட்ட போட்டுக் கத்துக்கிட்டா அக்கா. அப்பா சட்டைப் பையில லேமினேட் பண்ணின சிவப்பு அட்டை. 'எனக்குப் பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யாது. மயங்கிக் கிடந்தால் உடனடியாக ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும்.' கீழ எங்க மூணு பேர் நம்பர். டைப் பண்ணி பிரிண்ட் எடுத்தது நான்தான். நான் எழுதின புரோக்ராம்லயே உருப்படியானது அந்த ரெண்டு வரிதான்.

2024லயும் 2025லயும் எம்ஆர்ஐ எடுத்தாச்சு. அந்தத் துண்டு 5 மில்லிமீட்டர், அப்படியே உக்காந்திருக்கு. அப்பா இருட்டினப்புறம் வண்டி ஓட்டுறதில்லை. பகல்ல சந்துல திரும்பும்போது ஒரு தடவை நிறுத்தி, ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் போறார். பழைய கீறலுக்குப் பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு சொன்னேன். "அது கிடக்கட்டும்"னுட்டார்.

பி.கு: உங்க வீட்டுல யாருக்காவது எந்த நோய்க்காகவும் ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை போய்க்கிட்டு இருந்தா, டாக்டரைக் கேட்காம திடீர்னு நிறுத்தாதீங்க. ரொம்ப நாள் சாப்பிட்டா நல்லா இருக்கிற உடம்பும் தானா சுரக்கிறதை நிறுத்தி வெச்சிருக்கும். அப்புறம், வயசானவங்க வண்டியில ரெண்டு பக்கமும் கீறல் இருந்தா, அதிரசத்தை அப்புறம் சாப்பிடலாம். ஒரு கண்ணை மூடச் சொல்லிட்டு விரலை ஓரத்துல இருந்து கொண்டு வந்து பாருங்க. ஒரு நிமிஷம்தான் ஆகும்.